பழைய டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா? வண்டன்மேட்டு ஏலத்தோட்ட நிழலில் போட்டுப் பார்த்த கணக்கு

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் போனால் முதலில் மாறுவது குளிர் இல்லை, வெளிச்சம். கீழே பள்ளத்தாக்கில் கண் கூசும் வெயில் அடிக்கும். மேலே, ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதற்காகவே விட்டுவைத்த மரங்களுக்கு அடியில், மதியம் 12 மணியும் சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். அதற்கு மேல் மூடுபனி இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீர்கள். அப்பா அம்மா இந்த மலையில் இருக்கிறார்கள், அல்லது வார இறுதியில் நண்பர்களோடு இங்கே வருகிறீர்கள். சம்பளத்தில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, ஒரு கேமரா வாங்கலாம் என்று ஆசை. ஒரு பக்கம், யாரோ விற்கும் பழைய டிஎஸ்எல்ஆர். இன்னொரு பக்கம், ரீல்ஸில் எல்லோர் கையிலும் தெரியும் குட்டி பாக்கெட் கேமரா. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. எதை எடுப்பது?

பத்து வருடம் முன்னால் இப்படி ஒரு கேள்வியே வந்திருக்காது. இப்போது ஏன் வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சந்தை ஏன் தலைகீழானது?

ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபா ஆண்டுதோறும் ஏற்றுமதிக் கணக்கு வெளியிடுகிறது. அதன்படி 2010-ல் உலகம் முழுக்க சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. அதில் மிகப் பெரும்பங்கு பாக்கெட் கேமராக்கள். பிறகு ஃபோன் வந்தது. கதை உங்களுக்கே தெரியும். 2023-ல் மொத்தமே 80 லட்சத்துக்கும் கீழே. பாக்கெட் கேமரா அநேகமாகச் செத்துப்போன பொருள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 2024-ல் பாக்கெட் கேமரா எண்ணிக்கை மறுபடி ஏறி, சுமார் 19 லட்சத்தைத் தொட்டது. பெரிய எண் இல்லைதான். ஆனால் திசை மாறிவிட்டது. ஃபோன் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி, அளவுக்கு மீறித் தீட்டி வைத்த மாதிரி இருக்கின்றன என்று அலுத்துப்போன இளைஞர்கள்தான் இதற்குப் பெரிய காரணம். 2019-ல் 749 டாலருக்கு வந்த கேனான் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 3, பல மாதங்கள் கடைகளில் கிடைக்காத பொருளானது. ஃபுஜிஃபிலிம் 2024 பிப்ரவரியில் அறிவித்த எக்ஸ்100விஐ கேமராவுக்கும் நீண்ட காத்திருப்புப் பட்டியல். இன்னும் வேடிக்கை, 2016-ல் வந்த ஒரு சாதாரண பாக்கெட் கேமராவை கேனான் சின்னச் சின்ன மாற்றங்களோடு 2025-ல் மறுபடி வெளியிட்டது. விலை 379 டாலர். ஒன்பது வருடத்துக்கு முன் இருந்ததைவிட அதிகம்!

டிஎஸ்எல்ஆர் கதை இதற்கு நேர் எதிர். 2012-ல் சுமார் 1.6 கோடி எஸ்எல்ஆர் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2024-ல் பத்து லட்சம்தான். நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3-தான் தங்கள் கடைசி உயர்ரக டிஎஸ்எல்ஆர் என்று கேனான் தலைவர் 2021 கடைசியில் சொன்னார். நிக்கானின் டி6-ம் 2020-ல் வந்ததுதான். தொழில்முறை போட்டோகிராஃபர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது பழைய பாடிகளையும் லென்ஸ்களையும் விற்கிறார்கள். அதனால்தான் அவை மலிவாகக் கிடைக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், ஒன்றின் விலை ஆசையால் ஏறியிருக்கிறது, மற்றொன்றின் விலை ஃபேஷன் போனதால் இறங்கியிருக்கிறது. இரண்டு விலைக்கும் படத்தின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

சரி, ஃபோனே போதாதா?

நிறைய பேருக்குப் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலிவான பாக்கெட் கேமராக்களில் இருக்கும் சென்சார் ‘1/2.3 இன்ச்’ வகை. அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. இன்றைய உயர்விலை ஃபோன்களின் மெயின் கேமரா சென்சார் இதைவிடப் பெரியது. ஆக, அந்தக் குட்டிக் கேமராவை வாங்கினால் நீங்கள் வாங்குவது கூடுதல் தரம் இல்லை, ஒரு ‘ஃபீல்’. பளிச்சென்ற ஃபிளாஷ், கொஞ்சம் கரகரப்பு, நோட்டிஃபிகேஷன் தொல்லை இல்லாமல் படம் மட்டும் எடுக்கும் சுகம். அந்த ஃபிளாஷ் சும்மா இல்லை. ஃபோனில் இருப்பது எல்இடி விளக்கு. இதில் இருப்பது செனான் ஃபிளாஷ், கண நேரத்தில் வெடித்து அசைவையே உறைய வைக்கும். அந்த லுக் வேண்டும் என்று தெரிந்தே வாங்கினால் தப்பே இல்லை. தரம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

‘1 இன்ச்’ சென்சார் உள்ள பாக்கெட் கேமரா வேறு ஜாதி. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, மேலே சொன்ன ஜி7 எக்ஸ் வரிசை எல்லாம் இந்த வகை. பரப்பு சுமார் 116 சதுர மி.மீ. சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார், நிக்கானில் சுமார் 366, கேனானில் சுமார் 330. கடையில் எல்லாவற்றையும் ‘காம்பாக்ட்’ என்று ஒரே பெயரில் சொல்வார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

நிழலில் யார் ஜெயிப்பார்?

இப்போது ஏலத்தோட்டத்துக்குள் வருவோம். வெளிச்சம் குறைந்த இடத்தில் இரண்டு விஷயம்தான் பேசும். சென்சார் எவ்வளவு பெரியது, லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும். ‘எஃப்’ எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது.

பழைய டிஎஸ்எல்ஆரோடு பெரும்பாலும் வருவது 18-55 கிட் லென்ஸ். அது அகலக் கோணத்தில் எஃப்/3.5, ஜூம் செய்தால் எஃப்/5.6. ஆர்எக்ஸ்100-ன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/1.8. எஃப்/3.5-ஐவிட எஃப்/1.8 கிட்டத்தட்ட 3.8 மடங்கு ஒளியை உள்ளே விடும். டிஎஸ்எல்ஆர் சென்சார் இதைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகம் பெரியது. இரண்டையும் கூட்டிக் கழித்தால்? கணக்கு ஏறத்தாழ சரிக்குச் சமம்! பையில் முக்கால் கிலோவைச் சுமந்து போனவரும், சட்டைப் பையில் 240 கிராமைப் போட்டுப் போனவரும் ஒரே மரத்தடியில் ஏறத்தாழ ஒரே ஒளியைப் பிடிக்கிறார்கள்.

‘டிஎஸ்எல்ஆர்னா க்ளியரா வரும்’ என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை என்பது இங்கே தெரியும். க்ளியராக வருவது லென்ஸால். அதே பழைய பாடியில் கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டுங்கள். கேனான், நிக்கான் இரண்டிலுமே இதுதான் மலிவான லென்ஸ்களில் ஒன்று, பழையதும் தாராளமாகக் கிடைக்கும். இப்போது அந்த மூன்று மடங்கு முழுசாக உங்களுக்கு. காய் எடுத்துவிட்டுக் கூடையோடு நிற்கும் அம்மாவின் முகம் துல்லியமாகவும், பின்னால் செடிகள் பச்சைப் புகையாகவும் விழும். பாக்கெட் கேமராவால் இதை நெருங்க முடியாது. ஃபோனின் போர்ட்ரெய்ட் மோடு முடியைத் தேடித் தேடி வெட்டும்.

டிஎஸ்எல்ஆர் எடுப்பதென்றால் பாடியில் பணத்தைக் குறைத்து லென்ஸில் போடுங்கள். 2013-ல் வந்த நிக்கான் டி5300-ல் 24 மெகாபிக்ஸல். இன்றும் பல புதிய கேமராக்களில் அதே 24-தான். அந்த இடத்தில் பழசு பெரிய குறையில்லை.

ஆனால் செடியின் அடிக்குக் குனிந்தால் ஆட்டம் மாறும். ஏலம் பூப்பது உயரத்தில் இல்லை. செடியின் தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில். வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள் ஓடும் சின்னப் பூ. 18-55 கிட் லென்ஸ் ஃபோகஸ் ஆக சுமார் 25 செ.மீ. தூரம் வேண்டும். பாக்கெட் கேமராக்கள் பல, மேக்ரோ மோடில் சில செ.மீ. வரை பூவின் மேலேயே போய் நிற்கும். சேற்றில் டிஎஸ்எல்ஆரோடு படுத்து எழுந்தவருக்கு இதன் அருமை தெரியும். (மழையும் அட்டையும் பயம் என்றால், 15 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி கேமராக்கள் உண்டு. சென்சார் குட்டிதான், ஆனால் மழையில் அது எடுக்கும், மற்றவை பைக்குள் இருக்கும்.)

வேலைக்காக எடுக்கிறீர்களா?

வண்டன்மேடு பக்கத்தில் புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையம் இருக்கிறது. மலைக்குக் கீழே போடியில் இன்னொன்று. அங்கே காயின் விலையைப் பேசுவது பருமனும் பச்சை நிறமும். நீங்கள் வீட்டுத் தோட்டக் காயை ஆன்லைனில் விற்க, அல்லது ஒரு ஹோம்ஸ்டேக்குப் படம் எடுக்க நினைத்தால் நிறம் சரியாக விழுவது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். மரநிழலில் எல்லாமே பச்சை பூசிக்கொள்ளும். இதைப் பிறகு திருத்த ‘ரா’ ஃபைல் வேண்டும். எந்தப் பழைய டிஎஸ்எல்ஆரிலும் அது இருக்கும், 1 இன்ச் கேமராக்களிலும் இருக்கும். மலிவான குட்டிக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது.

வீடியோதான் முக்கியம் என்றால் பழைய டிஎஸ்எல்ஆரை மறந்துவிடுங்கள். டி5300-ல் 4கே கிடையாது, வ்யூஃபைண்டரில் பறக்கும் ஃபோகஸ் வீடியோவில் தடுமாறும். ஜி7 எக்ஸ் மார்க் 3-ல் 4கே உண்டு, மேலே திருப்பும் திரை உண்டு, மைக் மாட்டவும் இடம் உண்டு. அதை ரீல்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனதற்குக் காரணம் ஃபேஷன் மட்டும் இல்லை.

மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெரிய கேமராவைத் தூக்கினால் திருவிழாவில் ‘தம்பி, எங்களையும் ஒண்ணு எடுங்க’ என்று ஒரு குடும்பமே வரிசையில் நிற்கும். அதே கேமராவைத் தோட்டத்தில் தூக்கினால் வேலை செய்பவர்கள் விறைத்துப்போவார்கள், மேஸ்திரி வந்து ‘எந்தப் பத்திரிகை?’ என்பார். குட்டிக் கேமராவுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அதற்காகக் கேட்காமல் எடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை, அது வேறு.

குமுளிக்கு மேலே, பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் பொதுமக்களுக்குத் திறப்பது வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி. தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் உண்டு. அந்த ஏற்றத்தில் கழுத்தில் தொங்கும் முக்கால் கிலோ, பாதி வழியில் இரண்டு கிலோவாகத் தெரியும். எடுத்த வேகத்தில் பைக்குள் போய்விடும். நீங்கள் அப்படிப்பட்ட ஆளா என்று நேர்மையாக யோசியுங்கள். நான் அப்படிப்பட்ட ஆள்தான், அதனால் கேட்கிறேன்.

பூஞ்சை என்ற மூன்றாவது எதிரி

இந்த மலையில் கேமராவைக் கொல்வது கீழே விழுவது இல்லை, ஈரம். மழைக்காலத்தில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கும் ஊரில், பையில் மூடி வைத்த லென்ஸ் சும்மா இருக்குமா? டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் போனால் வேறு லென்ஸ் மாட்டலாம். பாக்கெட் கேமராவில் லென்ஸும் உடம்பும் ஒன்றே. பூஞ்சை உள்ளே போனாலோ, நீண்டு சுருங்கும் லென்ஸில் தூசு சிக்கி நின்றாலோ, பெரும்பாலும் ரிப்பேர் செலவு வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வரும். உற்பத்தி நின்ற மாடல் என்றால் உதிரிபாகமும் சந்தேகம். எதை வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடுங்கள். தோல் உறையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள்.

அதனால்தான் பழையது வாங்கும்போது முதல் சோதனை, ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பார்ப்பது. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுங்கள். பாக்கெட் கேமரா என்றால் பத்து முறை ஆன், ஆஃப் செய்து லென்ஸ் தடுமாறாமல் வருகிறதா பாருங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஷட்டர் எண்ணிக்கை கேளுங்கள். டி5300 வகைக்கு நிக்கான் சோதித்த ஆயுள் 1,00,000 கிளிக். நிக்கானில் எடுத்த படத்தின் தகவலிலேயே எண்ணிக்கை பதிவாகும். கேனானில் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. கல்யாணத்துக்கு ஓடிய கேமராவா, பீரோவில் தூங்கிய கேமராவா என்பதை இது சொல்லிவிடும். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ‘ஏஎஃப்-எஸ்’ மாதிரி மோட்டார் உள்ள லென்ஸ்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கையால் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்து குட்டிக் கேமரா என்றால் கார்டு எது என்று பாருங்கள். சிலது 2 ஜிபிக்கு மேல் எஸ்டி கார்டை ஏற்காது. சிலதுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும், அதை இப்போது எங்கே தேடுவது?

என் தேர்வைக் கேட்டால்: ஆட்களை எடுக்க, கொஞ்சம் சம்பாதிக்க, கற்றுக்கொள்ள நினைத்தால் பழைய டிஎஸ்எல்ஆரும் 50 மி.மீ. லென்ஸும். விலை இறங்கியிருக்கும் இந்த நேரம் உங்களுக்குச் சாதகம். ஊருக்குப் போகும்போதெல்லாம் கூடவே இருக்க வேண்டும், பூவும் வேண்டும், வீடியோவும் வேண்டும் என்றால் 1 இன்ச் பாக்கெட் கேமரா, அதுவும் ரீல்ஸில் அடிபடாத மாடலாகப் பார்த்து. 1/2.3 இன்ச் கேமராவை ஐந்தாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்குவதை மட்டும் நான் செய்ய மாட்டேன். வீட்டு டிராயரில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், முதலில் அதைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டுப் பாருங்கள்.

எதுவானாலும் இன்னொரு பேட்டரிக்கும் பணம் ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் மேலே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.