கல்லும் உலையும்

ஓசூருக்கு அண்மையில், தென்பெண்ணை பாயும் பகுதியில், தொரப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இராஜாஜி பிறந்த ஊர் அது. அவர் பிறந்த சிறிய வீடு நினைவு இல்லமாகப் போற்றப்பட்டு வருகிறது. அங்குச் செல்வோர் அவரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், இராமகாதையை எளிய தமிழில் எழுதியவராகவும் நினைவு கூர்வர். அவரே 'திண்ணை இரசாயனம்' என்னும் நூலால் வேதியியலைத் தமிழில் விளக்கினார் என்பதையும், அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென 1916-இல் சேலத்தில் ஒரு சங்கம் தோன்ற முன்னின்றார் என்பதையும் அறிந்தோர் சிலரே. எழுத்தறிந்தார் எவரும் திண்ணையில் அமர்ந்து இரசாயனம் பேசலாம் என்பது அவர் எண்ணம்.

இரசாயனம் திண்ணைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, அந்த மேட்டுநிலத்தில் அது உலைக்களத்தில் குடியிருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொகரப்பள்ளிக்கு அருகே மயிலாடும்பாறை என்னும் இடத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2021-இல் அகழாய்வு செய்தனர். அங்கு இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கின் கரித்துண்டுகளை ஆராய்ந்தபோது, அவற்றின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டது. இம்முடிவு 2022-இல் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2025-இல், தாமிரவருணி வட்டாரத்துச் சிவகளையில் இதனினும் பழமையான காலக் கணிப்புகள் கிடைத்துள்ளன என்னும் அறிக்கையும் வெளிவந்தது. ஆண்டுக் கணக்கு இன்னும் முன்னும் பின்னும் நகரலாம். அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். ஆயினும், ஆண்டு எத்தனை என்பதினும் பெரிய வினா ஒன்று உண்டு. இரும்பை ஆக்கிய அம்மக்கள் எதனை அறிந்திருந்தனர்? எவ்வாறு அறிந்தனர்?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அதே மாவட்டத்து மல்லச்சந்திரத்துக்குச் செல்லவேண்டும். அங்கே பாறைக் குன்றின்மேல் கல்திட்டைகள் கூட்டங் கூட்டமாக நிற்கின்றன. பெரிய கற்பலகைகளை நான்கு புறமும் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பலகையைக் கூரையாக ஏற்றி அமைத்த ஈமச் சின்னங்கள் அவை. ஒருபுறத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். சிலவற்றின் உட்புறத்தில் வெண்ணிற ஓவியங்களும் காணப்படும். இரும்புக் காலத்து மக்கள் இறந்தோர் பொருட்டு எழுப்பியவை இவை. எழுப்பியவர் பெயர் ஒன்றுகூட எஞ்சவில்லை.

பெயர் எஞ்சாத இடத்தில் கதை புகுந்துகொள்கிறது. இத்தகைய கல்வீடுகளைத் தமிழகத்தில் 'பாண்டவர் வீடு' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் வழங்குவர். வடக்கே கர்நாடகத்து ஹிரேபெணகல் மலையில் ஏறத்தாழ நானூறு பெருங்கற் சின்னங்கள் உள்ளன. அங்கும் குள்ளர்களாகிய மோரியர் கட்டிய மனைகள் என்பதே ஊரார் கதை. இது தென்னாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. மைசினி நகரத்துப் பெருஞ்சுவர்களை மனிதர் கட்டியிருக்க முடியாது, ஒற்றைக் கண்ணுடைய அரக்கரே கட்டினர் என்று பிற்காலக் கிரேக்கர் நம்பினர். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சு கற்களை மெர்லின் என்னும் மாயக்காரன் கொண்டுவந்தான் என்று கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி என்பவர் எழுதிவைத்தார்.

இக்கதைகள் இனியவை. பாட்டியர் வாயிலாகக் கேட்கத்தக்கவை. ஆனால் இவற்றுள் ஓர் அநீதி மறைந்திருக்கிறது. வியர்வை சிந்தி, எண்ணிப் பார்த்து, தவறித் திருத்தி ஒரு செயலை முடித்தவனிடமிருந்து அச்செயலைப் பறித்து, வேலையே செய்யாத அரக்கனுக்கும் குள்ளனுக்கும் கொடுத்துவிடுகின்றன. வேற்றுக் கோளத்தார் வந்து கட்டினர் என்று இந்நாளில் சொல்வாரும் இதனையே செய்கின்றனர்.

கல்திட்டை ஒன்றைக் கூர்ந்து நோக்கினால், அதனை ஆக்கியவரின் எண்ணம் மெல்லப் புலப்படும். முதலில் பலகை வேண்டும். கருங்கல்லைப் பலகையாக உரிப்பது எப்படி? பெங்களூரை அடுத்த பகுதிகளில் கல்லுடைப்போர் கையாண்ட முறையை வார்த் என்பவர் 1895-இல் விவரித்துள்ளார். பாறையின் மேல் நீளவாக்கில் விறகுத் தீ மூட்டுவர். சூடேறிய மேற்பரப்பு விரிந்து அடிப்பாறையை விட்டுப் பிரியத் தொடங்கும். எதுவரை பிரிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் தீக்கு முன்னே சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். ஒட்டிய பாறையின் ஒலி வேறு, பிரிந்த பாறையின் ஒலி வேறு. ஒலி மாறிய பின்னரே விறகை முன்னே தள்ளுவர். மல்லச்சந்திரத்தார் இம்முறையையே கையாண்டனர் எனத் துணிந்து கூற இயலாது. அவர்களும் கல்லின் இயல்பைக் கண்ணாலும் காதாலும் கற்றே பலகை உரித்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அடுத்தது எடை. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள கருங்கற் பலகை 3 டன்னுக்கு மேல் நிறை உடையது. அதனைத் தூக்கி மேலே வைக்கத் தோள்வலி மட்டும் போதாது. நெம்புகோல் வேண்டும், உருளைக் கட்டை வேண்டும், சரிவாக மண்மேடு அமைக்கும் அறிவு வேண்டும்.

சுவர்ப் பலகைகளை நிறுத்திய முறையே எல்லாவற்றிலும் வியப்புக்குரியது. தென்னாட்டுக் கற்பதுக்கைகளிலும் திட்டைகளிலும் பலவற்றில் நான்கு பலகைகளும் மூலைகளில் வெறுமனே சந்திப்பதில்லை. ஒவ்வொரு பலகையும் தன் ஒரு முனையை அடுத்த பலகைக்கு அப்பால் சிறிது நீட்டி நிற்கும். மேலிருந்து நோக்கினால் சுழலும் சக்கரத்தின் ஆரங்கள் போலத் தோன்றும். வெளியிலுள்ள மண்ணும் கல்லும் பலகையை உள்நோக்கித் தள்ளும்போது, அது அடுத்த பலகையின் விளிம்பில் சாய்ந்து தடைப்படும். அதனை மூன்றாவது தாங்கும். மூன்றாவதை நான்காவது தாங்கும். சாந்து இல்லை, ஆணி இல்லை. விழ முயலும் விசையே விழாமற் காக்கிறது. வீட்டில் நான்கு அட்டைகளைக் கொண்டு எவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

இதனை அறிவியல் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பர். கேட்கத்தக்க கேள்வியே. நெம்புகோலைக் கொண்டு கல் பெயர்த்தவர் ஆயிரமாயிரம் பேர்; அதன் விதியைக் கூறி மெய்ப்பித்தவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு. ஏன் என்று வினவி, விடையைப் பொதுவிதியாக்கி, பிறர் சோதிக்குமாறு எழுதிவைப்பதே அறிவியல் என்றால், மல்லச்சந்திரத்துச் சிற்பி அதன் பாதி வழியிலேயே நின்றார் எனல் வேண்டும். ஆனால் கிரேக்கரும் முழு வழி சென்றாரல்லர். பொறிகள் ஆக்குவதை இழிந்த தொழிலாக ஆர்க்கிமிடீசே கருதினார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கை அறிந்ததை நாவு கேட்கவில்லை. நாவு அறிந்ததைக் கை கேட்கவில்லை. பண்டை உலகின் பெருங்குறை இதுவே. இக்குறைக்கு இரும்பின் வரலாற்றை விடச் சிறந்த சான்று வேறில்லை.

இரும்புக் கனிக்கல் இரும்பும் உயிர்வளியும் இறுகப் பிணைந்த ஒரு பொருள். அதனைக் கரியோடு உலையிலிட்டுத் துருத்தி கொண்டு ஊதினால், கரி எரிந்து எழும் வாயு அந்த உயிர்வளியைக் கவர்ந்து செல்லும், இரும்பு எஞ்சும். இதற்கு ஏறத்தாழ 1,200 பாகை வெப்பம் வேண்டும். தூய இரும்பை உருக்குவதற்கோ 1,538 பாகை வேண்டும். பண்டைய உலையில் அவ்வெப்பம் எளிதில் வாராது. எனவே உலையிலிருந்து இறங்கியது கசடு கலந்த இரும்புக் கட்டியே. அதனைச் சம்மட்டியால் அடித்துக் கசட்டை வெளியேற்றினர். அத்துடன் தென்னாட்டுக் கொல்லர் நின்றாரில்லை. களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளையும், ஆவாரஞ்சுள்ளியையும், எருக்கிலையையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, பல நாழிகை எரித்தனர். சேலம் வட்டாரத்தில் வழங்கிய இம்முறையை 19-ஆம் நூற்றாண்டில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. சுள்ளியும் இலையும் கரிந்து தம் கரிமத்தை இரும்புக்குக் கொடுத்தன. கரிமம் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பம் தாழும். மூசையை உடைத்தபோது உள்ளே கிடந்தது உருக்கு.

தமிழர் உருக்கு என்றதனைக் கன்னடரும் தெலுங்கரும் உக்கு என்றனர். மூன்று மொழியும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஓசூரில் இவ்விரு சொல்லும் இன்றும் கேட்கலாம். அந்த உக்கு என்னும் சொல்லே மேலைநாட்டார் நாவில் 'ஊட்ஸ்' எனத் திரிந்தது என்பர். பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் புகழ்பெற்ற வாள்கள் இவ்வுருக்கினால் ஆனவை. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இதனை ஆராய்ந்து இலண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை அளித்தார். 1819 முதல் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்பவருடன் கூடி இதன் மறைபொருளைக் காண முயன்றார். மின்னியலின் தந்தையாகப் பின்னர் விளங்கிய ஃபாரடேயும் இதில் தவறினார்! உருக்கில் தாம் கண்டதாக எண்ணிய சிறிதளவு அலுமினியக் கலப்பே அதன் சிறப்புக்குக் காரணம் என்றார். மிகுந்த கரிமமே அதன் உயிர்நாடி என்பது பின்னர்த் தெளிந்தது.

எருக்கிலையை இட்ட கொல்லர் தவறவில்லை, ஃபாரடே தவறினார். அவ்வாறாயின் கொல்லரே பெரிய அறிஞர் என்று முடிவு கட்டலாமோ? பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில்தான் இடறி விழுகின்றனர். ஃபாரடேயின் பிழை அச்சேறியிருந்தது. ஆதலால் வேறொருவர் அதனைப் படித்தார், சோதித்தார், திருத்தினார். கொல்லரின் உண்மையோ தந்தை வாயிலிருந்து மைந்தன் செவிக்கு மட்டுமே சென்றது. மேலைநாட்டு மலிவான இரும்பு வந்து குவிந்து, உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தபோது, அவ்வுண்மையும் உடன் அவிந்தது. எழுதப்பட்ட பிழைக்கு வாழ்வு இருந்தது. எழுதப்படாத உண்மைக்கு இல்லை. பண்டையோர் விமானமும் அணுவும் அறிந்திருந்தனர் எனச் சான்றின்றி முழங்குவோர், அவர்கள் மெய்யாகவே அறிந்திருந்த இதனைத் தேடித் தொகுக்க ஒரு நாளும் உழைத்தாரில்லை.

எழுதாத மக்கள் விட்டுச் சென்ற ஏடு கல் ஒன்றே. அவ்வேடும் கிழிந்து வருகிறது. புதையல் இருக்கும் என்னும் பேராசையால் திட்டைகளின் தளத்தைப் பெயர்த்துள்ளனர். இறந்தோருக்குப் படைத்த மட்கலமும், இரும்புக் கத்தியும் அன்றி உள்ளே வேறு கிடைப்பது அரிது. ஆயினும் ஆசை அடங்கவில்லை. கிருஷ்ணகிரிக் கருங்கல்லுக்குக் கடல் கடந்தும் விலையுண்டு. கல் வெட்டுவதும் மக்களுக்குப் பிழைப்பே. அதனை அறவே நிறுத்துக என்பது இரக்கமற்ற பேச்சாகும். ஆனால் குன்றுகள் பல. திட்டை நிற்கும் குன்றுகள் சில. அச்சிலவற்றை விடுத்துப் பிறவற்றில் வெட்டுவதால் எவர் அடுப்பும் அணைந்துவிடாது.

காவல் செய்யும் பொறுப்பு அரசினருக்கு உரியது. அளந்து எழுதும் பணியை மாணவர் செய்யலாம். 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது முதல், அவ்வட்டாரத்து இளைஞர் இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்து வருகின்றனர். அவர்தம் தம்பிமாரும் தங்கைமாரும் பயிலும் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குன்றுக்குச் செல்லுதல் அரிதன்று. அளவு நாடாவும், திசைகாட்டியும், குறிப்பேடும் போதும். எந்தக் கல்லையும் அசைத்தல் ஆகாது. எதன்மேலும் பெயர் எழுதுதல் ஆகாது.

திட்டைகளின் துளை கதிரவன் எழும் திசையை நோக்கி அமைந்தது என்று பலர் சொல்வர். சொல்லைச் சோதிப்பது கடினமன்று. மல்லச்சந்திரத்திலிருந்து நோக்கினால், மார்ச்சு, செப்டம்பர்த் திங்களின் பிற்பகுதியில் கதிரவன் நேர்கிழக்கில் எழும். ஜூன் திங்களில் அது வடக்கே ஏறத்தாழ 24 பாகை சாயும். டிசம்பரில் தெற்கே அதே அளவு சாயும். இவ்விரு எல்லைக்கும் வெளியே கதிரவன் ஒருநாளும் எழாது. ஒவ்வொரு துளையும் நோக்கும் திசையை அளந்து குறித்தால், எத்தனை துளைகள் அவ்வெல்லைக்குள் அமைகின்றன, எத்தனை வெளியே நிற்கின்றன என்பது ஒரு நாள் மாலைக்குள் தெரிந்துவிடும். பெரும்பாலானவை உள்ளே அமைந்தால் அக்கூற்று வலுப்பெறும். அமையாவிட்டால், அதனையும் அவ்வாறே எழுதிவைக்க வேண்டும்.