தொழில் அரங்கம்: முகப்பில் வைக்கத் தக்கது எது?



புனாவில் வாழும் நம் இளைஞர் ஒருவர் இணையத்தளங்கள் அமைத்துக் கொடுக்கும் தொழில் புரிகிறார். அமெரிக்காவிலுள்ள ‘டைட்டில் கம்பெனி’ ஒன்றின் வேலை அண்மையில் அவர் கைக்கு வந்ததாம். முகப்பில் எழிலார்ந்த மாளிகைகளின் படங்களை அடுக்கி அனுப்பினாராம். “இது எங்கள் தொழிலன்று” என்று அவர்கள் திருப்பிவிட்டார்களாம். “எவ்விடத்தில் பிழைபட்டேன்?” என்று வினவி எழுதியிருக்கிறார். இத்துறையிலுள்ள நம் பிள்ளைகள் பலருக்கும் பயன்படுமாதலின், இங்கேயே விடை கூறுகிறேன்.

முதலில் அத்தொழிலை அறிதல் வேண்டும். ஊரில் நிலம் வாங்குமுன் நாம் வில்லங்கச் சான்று பெற்று, மூலப்பத்திரங்களை வக்கீலிடம் காட்டுகிறோம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இவ்வாராய்ச்சியை டைட்டில் கம்பெனி செய்கிறது. ‘கவுண்டி’ எனும் வட்டார அலுவலகத்துப் பதிவேடுகளில் அடமானம், வரிப் பாக்கி, நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பற்று முதலியவற்றைத் தேடுகிறது. கிரயப் பணத்தைத் தன்னிடம் வைத்திருந்து, கையெழுத்துகள் முடிந்தபின் உரியவருக்கு அளிக்கிறது. பொய்க் கையெழுத்தோ, அறியப்படாத வாரிசோ பின்னாளில் வெளிப்பட்டால் நட்டத்தை ஈடுசெய்ய இன்ஷ்யூரன்ஸும் தருகிறது. அதற்கான கட்டணம் வாங்கும்போது ஒருமுறை செலுத்துவதே.

இவ்வேற்பாடு ஒருவர் இழப்பிலிருந்து பிறந்தது. பென்சில்வேனியாவில், சொத்தின்மேலிருந்த பற்று ஒன்றைப் பொருட்படுத்தாது விடுத்தமையால் வாங்கியவர் நட்டமுற்றார். பத்திரம் முடித்துக் கொடுத்தவர்மீது பொறுப்பில்லை என்று 1868-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1876-இல் பிலடெல்பியாவில் முதல் டைட்டில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தோன்றியது.

இப்போது அத்தளத்திற்கு வருபவர் யார் என எண்ணிப் பாருங்கள். அவர் வீடு தேடி வருபவரல்லர், வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டவர். வாழ்நாட் சேமிப்பை ஓரிரு நாளில் அனுப்ப வேண்டியவர். அவருக்கு மாளிகைப் படம் எதற்கு?

அவரைச் சூழ்ந்துள்ள ஆபத்தும் ஒன்றுண்டு. தரகரின் மின்னஞ்சலுக்குள் திருடர் புகுந்து, கிரய நாள் நெருங்கும்வரை காத்திருக்கின்றனர். பின்னர்க் கம்பெனி எழுதியதுபோலவே, “வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது” என்று கடிதம் விடுக்கின்றனர். நம்பி அனுப்பிய பணத்தை மீட்பது பெரும்பாலும் அரிது.

ஆகவே, தம்பி, முகப்பில் முதலாவதாக இவ்வெச்சரிக்கையை வையுங்கள்: “கணக்கு எண் மாறியதாக மின்னஞ்சல் வரின் நம்பற்க, முன்னரே நேரில் பெற்ற தொலைபேசி எண்ணில் எங்களை அழைத்துக் கேட்டறிக.” ஒவ்வொரு பக்கத்திலும் இது விளங்கட்டும். அக்கடிதத்திலுள்ள எண்ணையே அழைத்தல் திருடனிடமே வழி கேட்பதாகும் என்பதையும் தெளிவாக உரையுங்கள்.

அடுத்து, அலுவலக முகவரியும், பொறுப்பாளர் பெயரும், தொலைபேசி எண்ணும் தேடாமலே கிட்டவேண்டும். கையெழுத்து நாளன்று கொண்டுவர வேண்டியவை, படிப்படியாக நடப்பவை, கட்டண விவரம் ஆகியவற்றை எளிய சொற்களில் தருக. பத்திரங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லாது, காப்புள்ள வழியில் தளத்திலேயே சேர்க்கச் செய்க. பலர் கைப்பேசியிலேயே படிப்பர், முதியோரும் படிப்பர், எழுத்து பெரிதாயிருக்கட்டும். ஸ்பானிய மொழி பேசுவோர் மிகுந்த வட்டாரமாயின் அம்மொழியிலும் ஒரு பக்கம் வேண்டும். வேற்று மொழிச் சூழலில் வாழும் நமக்கு அதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

தாம் என்றும் காணாத ஒரு குடும்பத்தின் வீட்டிற்குப் புனாவிலிருந்து நீங்கள் காவல் நிற்கிறீர்கள். வாயிற்காவலனுக்கு அணிகலன் வேண்டா. உரத்த குரலே வேண்டும். அந்நினைவோடு முகப்பைத் திருத்தி அனுப்புங்கள். விளைந்ததை அடுத்த திங்களில் எழுதுக.