பதினோராம் குடிலில் நிலத்தில் படுக்கிற பிள்ளைகள்

பேர்சி ஜாக்சன் எண்டு சொன்னவுடனே, "அது சின்னப் பிள்ளையளின்ர புத்தகமெல்லோ?" எண்டு கேட்கிற ஆக்கள் எங்கட பட்ச்சுக்குள்ளேயே இருக்கினம். ஓம், சின்னப் பிள்ளைகளுக்கு எழுதினதுதான். ஆனால் கம்பஸ் வந்த பிறகும் நாங்கள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறதுக்கு வாளும் மின்னலும் மட்டும் காரணமில்லை. பெத்தவர் கண்டுகொள்ளாத ஒரு பிள்ளைக்கு வருகிற கோபம் நியாயமானதா, அந்தக் கோபம் பிழையான வழிக்குப் போனால் ஆர் பொறுப்பு எண்ட கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட வேறொரு ஃபன்டசித் தொடரை நாங்கள் வாசிக்கவில்லை. (கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறோம். இன்னும் வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வாருங்கோ.)

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எழுதியவர் ரிக் ரையோர்டன். அமெரிக்கர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரவில் மகனுக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லிச் சொல்லி, கதைகள் முடிந்துபோக, மகன் புதுசாக ஒன்று கேட்க, அப்படிப் பிறந்தவன்தான் பேர்சி. அந்த மகனுக்கு ஏடிஎச்டியும் டிஸ்லெக்சியாவும் இருந்தன. பேர்சிக்கும் இருக்கு. எழுத்துகள் அவனுக்குக் குழம்புவது அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கெண்டே அமைந்தது என்பதால். வகுப்பில் ஒரு இடத்தில் இருக்க ஏலாமல் துடிப்பது அவன் உடம்பு போர்க்களத்துக்கு ஏற்றது என்பதால். "மக்கு" எண்டு பேர் வாங்கிய பிள்ளைக்கு ஒரு கதை குடுக்கக்கூடிய பெரிய பரிசு இது. முதல் புத்தகம் 2005இல் வந்தது, ஐந்தாவது 2009இல்.

கதையில் கிரேக்கக் கடவுள்கள் இன்றைக்கும் இருக்கினம். ஒலிம்பஸ், நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 600ஆம் மாடி. மனிதருக்கும் கடவுளுக்கும் பிறந்த பிள்ளைகள் லோங் ஐலண்டில் ஒரு முகாமில் பயிற்சி எடுக்கினம். அங்கே பன்னிரண்டு ஒலிம்பியக் கடவுள்களுக்குப் பன்னிரண்டு குடில். ஒரு கடவுள் "இது என்ர பிள்ளை" எண்டு அடையாளம் காட்டினால்தான் அந்தக் கடவுளின் குடிலில் கட்டில். காட்டாவிட்டால்? பயணிகளின் கடவுளான ஹேர்மிஸின் பதினோராம் குடில். அங்கே ஏற்கெனவே நெரிசல், நிலத்தில்தான் படுக்கவேணும். ஹெகட்டி, நெமிசிஸ் போன்ற சிறுதெய்வங்களின் பிள்ளைகளுக்கு, தாய் ஆரெண்டு தெரிந்தாலும் போக ஒரு குடில் இல்லை. சிறுதெய்வம், பெருந்தெய்வம் எண்ட பிரிவு எங்களுக்குப் புதுசில்லைத்தானே.

பேர்சியையே அவன்ர தகப்பன் போசைடன் எப்ப அடையாளம் காட்டுகிறார்? சியூஸின் மின்னல் களவு போய், அதைத் தேடிப்போக ஒரு ஆள் தேவைப்படுகிற நேரத்தில். கர்ணன் போர் கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் சுள்ளெண்டு படும். குந்தியும் போர் வாசலுக்கு வந்த பிறகுதான் மகனே எண்டு வருகிறாள், அதுவும் மற்றப் பிள்ளைகளின் உயிருக்காக. தேவை வந்த பிறகு கிடைக்கிற பாசத்தை எந்தப் பிள்ளையால முழுசாக நம்ப முடியும்?

ரையோர்டன் பழைய கதையில் செய்த ஒரு மாற்றத்தைக் கவனிக்கவேணும். ஸ்டிக்ஸ் நதியின் பேரில் செய்த சத்தியத்தை மீறுகிற கடவுள், ஹெசியட்டின் கணக்கில், ஒரு வருடம் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கவேணும், பிறகு ஒன்பது வருடம் தேவர் சபைக்கும் விருந்துக்கும் போக ஏலாது. அதாவது, மீறியவருக்கே தண்டனை. இந்தத் தொடரில் அப்படியில்லை. இனி மனிதரோடு பிள்ளை பெறுவதில்லை எண்ட சத்தியத்தைச் சியூஸ் மீறுகிறார், அடி விழுவது மகள் தாலியாவுக்கு. நண்பர்களைத் தப்பவிட்டு அரக்கர்களோடு தனியாக நின்றவளைத் தகப்பன் "காப்பாற்றிய" விதம், அவளை ஒரு பைன் மரமாக மாற்றியது. சாவில்லாதவர்கள் செய்த பிழைக்குச் சாகக்கூடியவர்கள் விலை குடுக்கினம்.

தப்பிய அந்த நண்பர்களில் ஒருவன் லூக், ஹேர்மிஸின் மகன். தொடரின் வில்லன் அவன்தான். பழைய டைட்டன் குரோனொஸை எழுப்பி ஒலிம்பஸை இடிக்கப் பார்க்கிறான். அவன் பின்னால் போகிறவர்கள் ஆர்? பதினோராம் குடிலில் நிலத்தில் படுத்தவர்கள். நெமிசிஸின் மகன் ஈதன் போவது, தன் தாய்க்கும் ஒரு மரியாதை கிடைக்கும் எண்ட நம்பிக்கையில். நாங்கள் லூக்கை நல்லவன் எண்டு சொல்லவரவில்லை. பன்னிரண்டு வயதுப் பேர்சியை நஞ்சுத் தேளால் கொல்லப் பார்த்தவன், தாலியாவின் மரத்துக்கே நஞ்சு வைத்தவன். ஆனால் அவன்ர வழி பிழை என்பதால் அவன்ர முறைப்பாடும் பிழையாகிவிடாது. பெரியவர்கள் எப்பவும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் குப்பையில் போடுவினம். கோபப்பட்ட பிள்ளைகளை "வழி தவறியவர்கள்" எண்ட ஒரு சொல்லோடு முடித்துவிடுகிற நாட்டில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

கடைசியில் ஒலிம்பஸைக் காப்பாற்றுவது பேர்சியின் வாள் இல்லை. பேர்சி கத்தியை லூக்கின் கையில் குடுக்கிறான், லூக் தன்னையே குத்தி குரோனொஸை முடிக்கிறான். பிறகு கடவுள்கள் பேர்சிக்குச் சாகாவரம் தர வருகினம். அவன் வேண்டாம் எண்டு சொல்லிவிட்டு வேறொன்று கேட்கிறான்: எல்லாப் பிள்ளைகளையும் பதின்மூன்று வயதுக்குள் அடையாளம் காட்டவேணும், சிறுதெய்வங்களுக்கும் ஹேடிஸுக்கும் குடில் கட்டவேணும், கலிப்சோ போலக் குற்றமில்லாதவர்களை விடவேணும். தோற்ற பக்கத்தின் கோரிக்கையை வென்றவன் தன் பரிசாகக் கேட்டு வாங்குகிறான். எங்களுக்கு இந்த இடம்தான் முழுத் தொடரும்.

குறையும் இருக்கு. கடவுள்கள் ஏன் அமெரிக்காவில் எண்டு கேட்டால், மேற்கத்தைய நாகரிகத்தின் மையம் எங்கே போகுதோ அங்கே அவர்களும் போவார்கள் எண்டு பதில் வருகிறது. அப்ப மற்ற உலகம் என்ன, பதினோராம் குடிலா? கண்டுகொள்ளப்படாதவர்களுக்காக எழுதின தொடரே இப்படி ஒரு மையத்தைக் கேள்வியில்லாமல் வைத்திருப்பது உறுத்துகிறது. ஆனால் ரையோர்டன் பிறகு செய்ததையும் சொல்லவேணும். மற்றப் பண்பாடுகளின் புராணங்களை அந்தந்தப் பண்பாட்டில் இருந்து வந்தவர்களே எழுத, தன் பேரில் ஒரு பதிப்பு வரிசையைத் தொடங்கினார். 2018இல் அதில் முதலாவதாக வந்தது ரோஷனி சொக்ஷியின் ஆரு ஷா, மகாபாரதத்தில் இருந்து எடுத்த கதை. பாண்டவர்கள் அதில் பெண் பிள்ளைகளாக வருகினம்.

ஐந்தாவது புத்தகத்தோட நிப்பாட்டினவர்களுக்கு ஒரு தகவல். அடுத்த தொடரில், கலிப்சோ இன்னும் அதே தீவில்தான் அடைபட்டிருக்கிறாள். கடவுள்கள் வாக்குக் குடுத்தார்கள், மறந்துபோனார்கள், ஆரும் போய்ப் பார்க்கவில்லை. அவளை வெளியில கொண்டுவர வேறொரு பிள்ளை திரும்பிப் போகவேண்டியிருக்கு. மேலே இருக்கிறவர்களிடம் வாக்கு வாங்கினவுடனே வேலை முடிஞ்சுது எண்டு வீட்டை போகக்கூடாது எண்டு, சின்னப் பிள்ளைகளின் புத்தகம் ஒண்டு சொல்லுது. பெரியாக்களும் வாசிக்கலாம்.