மவுத் ஆர்கனும் மாயாமாளவகௌளையும்

மெட்டுகுடாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பாட்டுப் பயிலும் சிறுவர்க்கு மவுத் ஆர்கன் வாங்கித் தர எண்ணும் பெற்றோர் இதனைச் சற்றே கருத்திற் கொள்வது நலம். சரளி வரிசையை அதில் ஊதச் சொல்லி, சுரம் பிசகியவுடன், "பிள்ளைக்குச் சுரஞானம் இல்லை" என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. பிசகு பிள்ளையிடம் இல்லை. கருவியின் அமைப்பில் இருக்கிறது.

ஜெர்மனி நாட்டில் ட்ரோசிங்கன் என்னும் ஊரில், கடிகாரத் தொழில் செய்துவந்த மத்தியாஸ் ஹோனர் 1857-ஆம் ஆண்டில் இக்கருவிகளைச் செய்யத் தொடங்கினார். முதலாண்டில் உருவானவை 650 மட்டுமே. பின்னர் அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. நான்கே துளைகளுடைய 'லிட்டில் லேடி' என்னும் அந்நிறுவனத்துச் சிறு கருவி, 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்திலும் ஒலித்தது.

ஹோனர் செய்யும் வகைகளுள் நாம் அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, பத்துத் துளைகளுடைய டயடானிக். 1896-இல் வெளிவந்த 'மரீன் பேண்ட்' இவ்வகையது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு உலோக நாக்குகள் உள்ளன. ஊதினால் ஒன்றும், மூச்சை உள்ளிழுத்தால் மற்றொன்றும் ஒலிக்கும். இரண்டாவது ட்ரெமலோ. இதில் ஒரே சுரத்திற்குச் சுருதி சிறிதே வேறுபட்ட இரு நாக்குகள் சேர்ந்து ஒலிப்பதால், நாதம் அலையலையாய் எழும். மூன்றாவது குரோமாட்டிக். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு சுரமும் அரைச் சுரம் உயரும். ஆகவே பன்னிரண்டு சுரத்தானங்களும் கிடைக்கும்.

டயடானிக் கருவியில் நான்காம் துளை முதல் ஏழாம் துளை வரை முறையாக ஊதியும் இழுத்தும் வந்தால், 29-ஆவது மேளமாகிய சங்கராபரணத்தின் சுரங்கள் முழுமையாய் அமையும். முதல் மூன்று துளைகளிலோ மத்தியமமும் தைவதமும் இல்லை. நம் பிள்ளைகளின் முதற்பாடமோ 15-ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளை. அதற்கு வேண்டிய சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் இயல்பான ஊதலில் பிறவா. நன்கு பயின்றோர் மூச்சினால் சுரத்தை வளைத்து அவற்றைப் பெறுவர். தொடக்க மாணவர்க்கு அஃது எளிதன்று.

கமகமும் இவ்வாறே. ஒரே குடும்பத்து நாக்குக் கருவியாகிய ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்தமைக்கு, நம் இசையின் குழைவு அதில் அமையாது என்பதும் ஒரு காரணமாகும்.

ஆதலின் டயடானிக் வாங்கினால் மோகனத்தில் தொடங்குக. அதன் ஐந்து சுரங்களும் அக்கருவியில் உள. சரளி வரிசையும் வேண்டுமெனில் குரோமாட்டிக்கே ஏற்றது. மேல்தகட்டிலுள்ள எழுத்தையும் கவனித்திடுக: 'சி' என்றால் ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து. பிள்ளை பாடும் சுருதிக்கு இசைந்ததையே தெரிந்தெடுத்தால், வாயும் கருவியும் ஒன்றுக்கொன்று பகையாகா.