புகை இல்லாத பஸ் வந்தாச்சு... காத்திருக்கும் நேரம் குறையுமா?

சென்னை ரோட்டில் கரண்டு பஸ் ஓடுகிறது. புகை இல்லை. கடகட சத்தம் இல்லை. படி தாழ்வாக இருப்பதால் வயதானவர்களும் சிரமம் இல்லாமல் ஏறி இறங்குகிறார்கள்.

2025-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி டெப்போவில் இருந்து 120 மின்சார பஸ்கள் விடப்பட்டன. உலக வங்கி உதவியுடன் முதலில் 625 பஸ்களை இறக்குவது என்று திட்டம்.

நல்ல காரியம்தான். ஆனால் பஸ் மாறினால் மட்டும் ஊரில் புகை குறைந்து விடுமா?

டிராம் சொல்லும் பாடம்

சென்னைக்கு கரண்டு வண்டி புதிதல்ல. 1895-ம் ஆண்டிலேயே இங்கே மின்சார டிராம் ஓடியது. 1953-ல் நின்று போனது. கரண்டு இல்லாததால் அல்ல. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியதால்!

வண்டி எதில் ஓடுகிறது என்பது மட்டும் முக்கியம் அல்ல. தினமும் ஓட்டப் பணம் வேண்டும். ஏற ஆள் வேண்டும்.

புது மின்சார பஸ்கள் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தம் அல்ல. தனியார் கம்பெனி பஸ்சை வாங்கி, டிரைவரையும் போட்டு ஓட்டுகிறது. கண்டக்டர் மட்டும் கழகத்து ஆள். டிக்கெட் பணம் கழகத்துக்கு. கம்பெனிக்கோ கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்க வேண்டும். பஸ் நிரம்பி வழிந்தாலும், காலியாக ஓடினாலும் கூலி கூலிதான்.

ஆகவே ஜனங்கள் ஏறினால்தான் திட்டம் தாங்கும்.

புகை யாருடையது?

பழைய டீசல் பஸ்சில் போனவர் புது பஸ்சில் போனால் மிச்சம் ஆவது அந்த ஒரு பஸ்சின் புகைதான். அதிலும் ஒரு சிக்கல். பஸ்சுக்கு ஏற்றும் கரண்டில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்து வருகிறது. மவுண்ட் ரோட்டுப் புகை அனல் மின் நிலையம் இருக்கும் எண்ணூர் பக்கம் இடம் மாறினால் அந்தப் பகுதி ஜனங்களுக்கு என்ன லாபம்? காற்றாலை, சூரிய மின்சாரம் பெருகப் பெருகத்தான் இந்தக் கணக்கு நேராகும்.

பைக்கில் போகும் 50 பேர் ஒரு பஸ்சில் ஏறினால் கதையே வேறு. 50 வண்டிப் புகை போகும். ரோட்டிலும் இடம் கிடைக்கும்.

அவர்கள் ஏன் ஏறவில்லை?

குமாஸ்தா 10 மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டும். ஒரு நாள் 5 நிமிஷத்தில் பஸ் வருகிறது. மறுநாள் அரை மணி ஆனாலும் காணோம். நாலு நாள் லேட் ஆனால் அஞ்சாவது நாள் தவணையில் பைக் எடுத்து விடுகிறார். தவணை கட்ட ஆரம்பித்தவரை மறுபடி பஸ்சுக்கு இழுப்பது லேசுப்பட்ட காரியமா?

2021-ம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த பஸ் வரும் வரை நிற்க வேண்டுமே! டிக்கெட் இலவசம். நேரம் இலவசம் அல்ல.

மெட்ரோ மட்டும் போதுமா?

2015-ல் தொடங்கிய மெட்ரோ ரெயில் 54 கிலோ மீட்டர் வரை நீண்டது. இரண்டாம் கட்டமாக 118.9 கிலோ மீட்டர் திட்டம். 2024-ம் ஆண்டில் மெட்ரோவில் போனவர்கள் 10 கோடிக்கும் மேல். நாள் கணக்கில் சுமார் 3 லட்சம். மாநகர பஸ்சில் போகிறவர்களோ தினம் 30 லட்சத்துக்கும் மேல்!

மெட்ரோ தெருத் தெருவாக வராது. ஸ்டேஷனில் இறங்கியவரை வீட்டுப் பக்கம் கொண்டு விட பஸ்தான் வேண்டும். பஸ், மின்சார ரெயில், மெட்ரோ மூன்றுக்கும் செல்போனில் ஒரே டிக்கெட் எடுக்கும் வசதி 2025 செப்டம்பரில் வந்தது. டிக்கெட் சேர்ந்து விட்டது. நேரமும் சேர வேண்டும்.

நடக்க வழி எங்கே?

பஸ்சில் போகிறவர் முதலில் நடக்கிறார். கடைசியிலும் நடக்கிறார். போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிடுவது என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கை வகுத்தது. இன்றும் பல தெருக்களில் நடைபாதையில் பைக் நிற்கிறது. ஜனங்கள் ரோட்டில் நடக்கிறார்கள்.

கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள். நின்று நிதானமாக நடக்கிறவர்தான் கடைக் கண்ணாடியைப் பார்ப்பார். வேகமாகப் போகும் காரா நின்று சாமான் வாங்கும்?

பஸ் கரண்டில் ஓடட்டும். அதோடு 10 நிமிஷத்துக்கு ஒன்று என்று சொன்னபடி வரட்டும். ஸ்டாப் வரை போக நடைபாதை இருக்கட்டும். பைக் சாவியை வீட்டு ஆணியில் மாட்டி விட்டு எத்தனை பேர் கிளம்புகிறார்கள் என்பதுதான் திட்டத்தின் பரீட்சை. அதுவரை புகை இல்லாத பஸ்சும், புகை விடும் பைக் கூட்டத்தின் நடுவே சிக்னலில்தான் நிற்கும்!