ராணி ராம்பாலும் நம் பள்ளித் திடலும்



இந்திய மகளிர் ஹாக்கி அணியின் முன்னாள் தலைவி ராணி ராம்பால், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 29. தம் நாட்டுக்காக அவர் களமிறங்கிய ஆட்டங்கள் 254. அவர் அணிந்த 28ஆம் எண் சட்டைக்கும் அவரோடு ஓய்வு அளிக்கப்பட்டது. அவருடைய வாழ்க்கை, நம் பள்ளிச் சபைகூடலிலும் தன்முனைப்புப் பயிலரங்குகளிலும் எடுத்துரைக்கத் தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதை நாம் எவ்வாறு எடுத்துரைக்கிறோம் என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

“ஏழை வீட்டில் பிறந்தார், விடாமல் உழைத்தார், வென்றார். ஆகவே மாணவர்களே, முயன்றால் நீங்களும் வெல்லலாம்.” இத்தகைய கதைகளுக்கு நாம் வழக்கமாகத் தரும் சுருக்கம் இதுதான். இதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் இது பாதிக் கதை. மாணவருக்கு உரிய பாதியைச் சொல்லிவிட்டு, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய மறுபாதியை நாம் விட்டுவிடுகிறோம்.

ராணி 1994ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் உள்ள ஷாஹாபாத் மார்க்கண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வண்டி இழுத்துக் கூலி பெறும் தொழிலாளி. தாயார் பிறர் இல்லங்களில் வீட்டு வேலை செய்தவர். வீட்டில் மின்சாரம் சரிவர வராது. மழை பெய்தால் வெள்ளம் புகும். அவ்வீட்டுக்கு அருகிலேயே ஒரு ஹாக்கி பயிற்சிக் கழகம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஆடுவதை ராணி மணிக்கணக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் கேட்டபோது முதலில் மறுப்பே கிடைத்தது. ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்திருந்த அச்சிறுமியால் பயிற்சியைத் தாங்க முடியாது என்று கருதப்பட்டது. பின்னர் அவர் உடைந்த ஹாக்கி மட்டை ஒன்றைத் தேடியெடுத்து, சல்வார் கமீஸ் உடையிலேயே ஓடி ஓடித் தாமாகப் பயின்றார். மீண்டும் மீண்டும் கேட்டார். இறுதியில் இடம் கிடைத்தது. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இங்குச் சற்று நிற்போம். சிறுமியின் விடாமுயற்சி பெரிது, அதில் மறுப்பில்லை. அதே அளவுக்குப் பெரியது, ஒருமுறை “முடியாது” என்று சொன்ன இடத்திலிருந்தே பிறகு “வா” என்ற சொல்லும் வந்தது. அந்த இரண்டாம் சொல் வராமற்போயிருந்தால், அத்தனை உழைப்பும் ஒரு மண் தரையில், எவர் கண்ணிலும் படாமல் முடிந்திருக்கும்.

அடுத்தது பாலின் கதை. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவந்து அருந்த வேண்டும் என்பது அங்கு விதி. ராணியின் வீட்டாரால் வாங்க முடிந்ததோ 200 மில்லிலிட்டர். எவரிடமும் சொல்லாமல், அதில் தண்ணீர் கலந்து அளவைக் கூட்டிக் கொண்டுசென்றார் அவர்.

இச்செய்தியைக் கேட்டவுடன் நாம் அச்சிறுமியின் மனவுறுதியைப் பாராட்டுகிறோம். ஓர் ஆசிரியராக எனக்குத் தோன்றுவது வேறு. அவ்விதி நல்லெண்ணத்தில் பிறந்தது. பிள்ளைகள் உடல்வலிமை பெறவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் அது யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ, அவருக்குத்தான் எட்டாத உயரத்தில் இருந்தது. அப்பிள்ளை தன் வறுமையை மறைக்க வேண்டியதாயிற்று.

நம் பள்ளிகளிலும் இத்தகைய விதிகள் இல்லையா? குழுச் சட்டைக்குப் பணம், விளையாட்டுக் காலணி, போட்டி நடக்கும் இடத்துக்குப் பேருந்துக் கட்டணம் என ஒவ்வொன்றும் நியாயமானதே. எனினும், “எனக்கு விளையாட்டுப் பிடிக்காது, டீச்சர்” என்று சொல்லிவிட்டு மரநிழலில் அமர்ந்துகொள்ளும் மாணவிக்கு, உண்மையிலேயே விளையாட்டுப் பிடிக்கவில்லையா, அல்லது காலணி இல்லையா என்பதை நம்மில் எத்தனை பேர் விசாரித்திருப்போம்?

ஷாஹாபாத்தில் ராணிக்குப் பயிற்சியளித்தவர் பல்தேவ் சிங். கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். அவர் ராணிக்கு ஹாக்கி மட்டையும் காலணியும் வாங்கித் தந்தார். சண்டிகரில் பயிற்சி பெற்ற காலத்தில், தம் குடும்பத்தோடு தங்கவைத்து உணவையும் கவனித்துக்கொண்டார். அதே பயிற்சிக் கழகத்திலிருந்து இந்திய அணிக்கு வந்தவர் ராணி ஒருவர் மட்டுமல்லர். சுரிந்தர் கவுர், ஜஸ்ஜீத் கவுர், நவ்ஜோத் கவுர் எனப் பலர் அச்சிற்றூரில் உருவாகியுள்ளனர். ஒரே ஊரில் இத்தனை பேர் பிறவித் திறமையோடு பிறந்தனர் என்று கொள்வது பொருந்துமா? அங்கே ஒரு திடல் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு அதில் இடம் இருந்தது. நாள் தவறாமல் அதிகாலையில் வந்து நின்ற ஒரு பயிற்றுநர் இருந்தார். விளைச்சல் அதன் பயன்.

அவ்விளைச்சலின் அளவையும் காண்போம். 2010இல் அர்ஜெண்டினாவின் ரொசாரியோ நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில், 15 வயதில் ராணி 7 கோல்கள் அடித்தார். 2013இல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தில் இந்தியா வெண்கலம் வென்றது. இங்கிலாந்துக்கு எதிரான அவ்வாட்டத்தின் பெனால்டி ஷூட் அவுட்டில் கோல் அடித்தவர்களுள் அவரும் ஒருவர். 1980க்குப் பிறகு 36 ஆண்டுகள் ஒலிம்பிக்கைக் காணாதிருந்த இந்திய மகளிர் அணி, 2016இல் ரியோவில் ஆடியது. 12 அணிகளில் கடைசி இடமே கிட்டியது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 2021இல் தோக்கியோவில், ராணியின் தலைமையில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற அதே அணி, பின்னர் மீண்டெழுந்து காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்று நான்காம் இடத்தைப் பிடித்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்ற கோல் கணக்கில் தோற்றது.

பதக்கம் இல்லாத அந்த நான்காம் இடத்தை நான் வகுப்பில் விரும்பிச் சொல்வேன். கடைசி இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையில் ஐந்தாண்டுக் காலப் பயிற்சி இருக்கிறது. புள்ளிகளை மட்டுமே பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, இடைப்பட்ட அந்த ஆண்டுகளைக் காட்ட விளையாட்டைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இனி, பெற்றோரிடம் ஒரு சொல். ராணியின் பெற்றோரும் தொடக்கத்தில் தயங்கியவர்களே. பெண்பிள்ளை குட்டைப் பாவாடை அணிந்து திடலில் ஓடுவதா என்று உறவினர் பேசினர். “என்னைப் போகவிடுங்கள், தோற்றுவிட்டால் நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்” என்னும் பொருள்பட மகள் மன்றாடியபின் இசைந்தனர். இசைந்தபின் முழுமையாகத் துணைநின்றனர். வீட்டில் கடிகாரம் இல்லாததால், பயிற்சிக்கு நேரத்தோடு மகளை எழுப்புவதற்காகத் தாயார் விழித்திருந்து வானத்தைப் பார்த்துப் பொழுதைக் கணித்தாராம். கல்வியறிவோ பொருள்வளமோ இதற்குத் தேவைப்படவில்லை.

“விளையாட்டு சோறு போடுமா?” என்பது நியாயமான கேள்வி. ராணிக்கு இந்திய விளையாட்டு ஆணையத்தில் உதவிப் பயிற்றுநர் பணி கிடைத்தது. தம் குடும்பத்துக்குச் சொந்த வீடும் அமைத்துக் கொடுத்தார். 2020இல் பத்மஸ்ரீ விருதும் கேல் ரத்னா விருதும் அவரை நாடி வந்தன. எனினும், இவற்றைக் காட்டி உங்கள் மகளும் இவ்வாறே ஆவாள் என்று உறுதிகூற நான் முன்வரமாட்டேன். ஆயிரத்தில் ஒருவருக்கே இந்த உயரம் வாய்க்கும். அந்த உச்சியிலும் நிலையாமை உண்டு. தோக்கியோவுக்குப் பின் காயத்தால் அவதியுற்ற ராணி, 2022 உலகக் கிண்ண அணியில் இடம்பெறவில்லை. 2023இல் திரும்பி வந்தும் அணியில் நிலைக்க இயலவில்லை.

ஆகவே, ஆயிரத்தில் ஒருவரை உருவாக்குவதற்காக அல்ல, எஞ்சிய 999 பேருக்காகவே நமக்குத் திடல் தேவை. உடல்நலம், தோழமை, தோல்வியைத் தாங்கும் மனம், தன் உடலைப் பற்றிக் கூசாமல் நிமிர்ந்து நடக்கும் துணிவு ஆகியவை அங்குக் கிடைக்கும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு இவை வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. தேர்வு நெருங்கும்போது முதலில் பறிக்கப்படும் பாடவேளை உடற்கல்வியே என்பதை நாம் அனைவரும் அறிவோம். கணிதத்துக்கும் மொழிக்கும் கூடுதல் நேரம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அந்நேரத்தைத் திடலிலிருந்து எடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு; முழு அணி அமைப்பதே கடினம்; சிலவற்றில் திடலும் சிறிது. எனினும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம்வைத்தால், பத்து இணை காலணிகளைப் பள்ளியின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்க இயலும். எந்தப் பிள்ளைக்குத் தேவையோ, அப்பிள்ளை எவரிடமும் காரணம் சொல்லாமல் எடுத்து அணிந்துகொள்ளலாம். குறுக்கோட்டப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, மெலிந்திருக்கிறாள் என்று ஒதுக்கப்பட்ட மாணவிக்கு மறுமாதம் இன்னொரு வாய்ப்புத் தரலாம்.

ராணி ராம்பாலின் கதையை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளை பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவருகிறது என்பதையும் பாருங்கள்.