யார் குரல் இது?



“இந்த ராக் பாட்டெல்லாம் ஒரே இரைச்சல், யார் பாடினால் என்ன?” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். பழகாத காதுக்கு எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். நாகஸ்வரம் கேட்டுப் பழகாத உங்கள் பள்ளித் தோழர்களுக்கும் அப்படித்தான். ஆனால் காதைப் பழக்கலாம். இந்த மாதம் அதற்கு ‘பிங்க் ஃபிளாய்ட்’ குழுவை எடுத்துக்கொள்வோம்.

லண்டனில் உருவான இந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1967இல் வந்தது. அதில் பெரும்பாலும் பாடியவர் சிட் பாரெட். அவர் 1968இல் விலகினார். அதன்பின் பாடியவர்கள் முக்கியமாக மூவர்: கிதார் வாசித்த டேவிட் கில்மோர், பேஸ் கிதார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்.

எப்படிப் பிரித்து அறிவது? கில்மோரின் குரல் வழவழப்பானது, கொஞ்சம் மூச்சுக்காற்று கலந்தது. ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவார். வாட்டர்ஸ் பேசுவதுபோலப் பாடுவார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். கிசுகிசுப்பில் தொடங்கி, சட்டென்று கூச்சலுக்கு ஏறிவிடுவார். ரைட்டின் குரல் மென்மையானது, முன்னே வந்து நிற்காதது. அதனாலேயே பலர் அதைக் கவனிப்பதில்லை.

முதல் பயிற்சி, 1973ஆம் ஆண்டு ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் உள்ள ‘டைம்’. கில்மோர் கரகரப்போடு தொடங்குவார். சில வரிகளுக்குப் பின் பாட்டு திடீரென்று இளகும். அங்கே பாடுகிறவர் ரைட். அந்த மாற்றத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாவது, 1979இல் வந்த ‘தி வால்’ ஆல்பத்தின் ‘மதர்’. மகனின் கேள்விகளை வாட்டர்ஸ் பாடுகிறார். தாயின் பதிலைக் கில்மோர் பாடுகிறார். இரண்டு குரல் என்று தெரியாமல் கேட்டால், பாடுவது ஒருவரா இருவரா என்றே குழம்பும். ‘கம்ஃபர்டபிளி நம்’ பாட்டிலும் அப்படியே: மருத்துவர் வாட்டர்ஸ், நோயாளி கில்மோர்.

மூன்றாவது கடினம். 1971இல் வந்த ‘எக்கோஸ்’ பாட்டில் கில்மோரும் ரைட்டும் சேர்ந்தே பாடுகிறார்கள். ஒரு குரலை மட்டும் கடைசிவரை பின்தொடர்ந்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1975இல் வந்த ‘ஹேவ் எ சிகார்’ பாட்டைக் கேட்டு, “இது வாட்டர்ஸ்தான்” என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள். அதைப் பாடியவர் ராய் ஹார்ப்பர். அவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவரே அல்ல. அதே ஏபி ரோடு ஸ்டூடியோவில் தன் சொந்தப் பதிவுக்காக வந்திருந்தவர்.

யார் குரல் என்று தெரிவதால் என்ன பயன் என்கிறீர்களா? ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டைக் கேளுங்கள். அதில் பாட்டு வரிகளே இல்லை. ஒரு பெண்ணின் குரல் மட்டும் எழுந்து, அழுது, அடங்குகிறது. அவர் கிளேர் டோரி. கூலிக்குப் பாட அழைக்கப்பட்டு, 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மெட்டு சொல்லித்தர யாரும் இல்லை. அவரே கற்பனை செய்து பாடினார். ஊதியம் 30 பவுண்டு. உறையில் பாடியவர் என்று பெயர் வந்தது. இசையமைத்தவர் என்று ரைட்டின் பெயர் மட்டுமே இருந்தது. 30 ஆண்டுகளுக்குப் பின் 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசம் ஆனது. இப்போது ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தே வருகிறது.

கோடிக்கணக்கானோர் அந்தக் குரலைக் கேட்டு உருகினார்கள். யாருடையது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஆகவே, பிடித்த பாட்டை நண்பருக்கு அனுப்பும்போது, பாடியவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். அப்படியே, நம் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிற அக்காவின் குரலை வரும் ஞாயிறு தனியாகக் கேட்டுப் பாருங்கள். சோப்ரானோவைத்தான் எல்லாரும் பாராட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், “அக்கா, உங்கள் குரல் கேட்டது” என்று சொல்லுங்கள்.